உறைகிணறு வடிவில் ஒரு புரதச் சிதைப்பான்

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி உள்ளிட்ட இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையால் அம்மாவட்டத்தின் பெயர் உலகக் காசநோய் வரலாற்றில் இடம்பெற்றது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்திய அச்சோதனை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. அந்தக் கசப்பான முடிவை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சியின் நேர்மைக்குச் சான்று.

இவ்வளவு பிடிவாதமான காசநோய்க் கிருமி உடலுக்குள் எவ்வாறு உயிர் பிழைக்கிறது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, புரோட்டியசோம் என்னும் பெரிய நொதியில் இருக்கிறது. பழுதடைந்த புரதங்களையும் வேலை முடிந்த புரதங்களையும் துண்டாக்கும் இந்நொதி, உறைகிணற்றின் உறைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நான்கு வளையங்களால் ஆனது. வளையத்துக்கு ஏழாக மொத்தம் 28 புரத அலகுகள் சேர்ந்த அந்த உருளையின் உட்புறத்தில் மட்டுமே வெட்டும் இடங்கள் அமைந்திருப்பதால், செல்லின் மற்றப் புரதங்கள் தப்புகின்றன. மனித செல்களில், அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது யுபிக்விட்டின் என்னும் சிறுபுரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. இதைக் கண்டறிந்த ஹெர்ஷ்கோ, சீக்கனோவர், ரோஸ் ஆகியோர் 2004-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

பெரும்பாலான பாக்டீரியாக்களில் இல்லாத புரோட்டியசோம் காசநோய்க் கிருமியில் உண்டு. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் அதைக் கொல்ல நைட்ரிக் ஆக்சைடு என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அத்தாக்குதலைத் தாங்கக் கிருமிக்குப் புரோட்டியசோம் தேவை என்று ஹெரன் டார்வின், கார்ல் நேதன் குழுவினர் 2003-இல் நிறுவினர். கிருமி தன் புரதங்களுக்கு இடும் அடையாளம் பப் என்னும் வேறொரு சிறுபுரதம் என்பது 2008-இல் தெரியவந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது: புரோட்டியசோம் முடங்கிய கிருமியில் லாக் என்னும் நொதி சிதைக்கப்படாமல் தேங்கி, தாவரங்களின் வளர்ச்சி ஹார்மோனாகிய சைட்டோகைனினை மிகுதியாக உண்டாக்க, அது சிதைந்து பிறக்கும் ஆல்டிஹைடு நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்து அக்கிருமியையே கொல்கிறது.

மனித செல்லின் புரோட்டியசோமை விட்டுவிட்டுக் கிருமியினுடையதை மட்டும் முடக்கும் சேர்மங்கள் 2009-இலேயே ஆய்வகத்தில் இனங்காணப்பட்டன. அவை இன்னும் நோயாளிக்கு மருந்தாக வந்து சேரவில்லை.