எம்-4 தானா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, விற்கும் அம்மாளிடம் நான் வேறெதுவும் கேட்பதில்லை: "எம்-4 தானா?" அவளும் வாயால் பதில் சொல்வதில்லை. ஒரு கிழங்கை எடுத்துச் சடக்கென ஒடித்து வெள்ளை முகத்தை என் பக்கம் திருப்புவாள்.

நான் விளவங்கோட்டுக்காரன். முன்பு எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். மரச்சீனிப் பைத்தியம் அங்கிருந்தே வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட மன்னர் விசாகம் திருநாள் இதைப் பரப்பினார். விஷமென்று குடிகள் பயந்தபோது, அவித்துத் தானே தின்று காட்டினார் என்று கதை. பயத்தில் நியாயம் உண்டு. கசப்பு ரகங்களில் சயனைடு அதிகம். அவித்த தண்ணீரை இன்றும் வடித்துக் கொட்டுகிறோம். 1942இல் பர்மா அரிசி நின்றபோது ஊரின் வயிற்றை நிறைத்ததும் இந்தக் கிழங்குதான்.

எம்-4 மலாயாவிலிருந்து வந்த ரகம். அதை விளைச்சலில் மிஞ்சியவை திருவனந்தபுரத்து ஸ்ரீகார்யத்தில் பிறந்தன. 1963இல் அங்கே மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1971இல் ஹெச்-97, ஹெச்-165, ஹெச்-226 வெளியாயின. எம்-4 ஹெக்டேருக்கு 20 டன் பக்கம் நின்றால், பின்னிரண்டும் 30ஐத் தாண்டும். 1977இல் வந்த ஸ்ரீ விசாகம் மஞ்சள் சதை, கரோட்டின் நிறைந்தது. பெயரிலேயே பழைய மன்னரின் வாசனை.

ஹெச்-226 பேர் வாங்கியது சேலத்தில். ஜவ்வரிசி ஆலைக்காரர் மாவுச்சத்தைப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார். அந்த ரகத்தின் கசப்பு, மாவு கழுவும் தண்ணீரோடு போய்விடும். அவருக்கு மீன்குழம்பைப் பற்றி என்ன கவலை?

ஒருமுறை நானும் சேலத்து நண்பர் தந்த ஹெச்-226 கம்புகளைக் கொல்லையில் நட்டேன். செடியை மூட்டோடு பிடுங்கியதும் பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு கிழங்கு. அம்மா அவித்து, ஒரு வாய் வைத்தாள். பிறகு சாளைக் குழம்பை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சோறு இருக்கா மக்கா?" என்றாள்.

அடுத்த முறை எம்-4 நட்டேன். பத்து மாதம் காத்ததற்குக் கிழங்கு குறைவுதான். ஆனால் அவிந்ததும் வெடித்துப் பூவாய் விரிந்தது. காந்தாரி மிளகாய் அரைத்து முடிக்கும்முன் பாதிச் சட்டி காலி.