அச்சுப்பொறியின் மௌனமும் காரணம் அறியும் வாய்ப்பும்: லினக்ஸ் அச்சு அமைப்பின் வரலாற்று அடுக்குகள்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் கணினியில் அச்சுப்பொறி இயங்க மறுக்கும்போது இணைப்பு, வரிசை, வடிகட்டி, பிணையக் கண்டறிதல் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இச்சோதனைகள் ஒவ்வொன்றும் அச்சு அமைப்பின் வரலாற்றில் ஒரு காலகட்டத்தின் எச்சமாகும். அச்சிடாமைக்கான காரணம் எவ்வடுக்கில் தங்கியது, அதனை அறியும் வாய்ப்பு யாரிடம் இருந்தது என்னும் இரு வினாக்களின் வழி இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், அச்சுப்பொறி, கட்டற்ற மென்பொருள், கப்ஸ், இணைய அச்சு நெறிமுறை

முன்னுரை

ஒரு கருவி பழுதுறுவது வேறு. அது ஏன் பழுதுற்றது என்பதை அறிய முடியாமற்போவது வேறு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றம் இவ்விரண்டாம் நிலையோடு தொடர்புடையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தியமைத்திருந்தார். தாள் சிக்கினால், காத்திருக்கும் பயனர்களுக்கு அது செய்தி அனுப்பியது. 1980ஆம் ஆண்டளவில் அவ்வாய்வகத்திற்கு வந்த செராக்ஸ் லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் வழங்கப்படவில்லை; எனவே அதே வசதியை அதில் சேர்க்க இயலவில்லை. அச்சுப்பொறியோ பயனர்களுள் பெரும்பாலோர் இருந்த தளத்தில் இல்லை. 1983 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட குனு திட்டத்திற்கு இதுவே முழுக் காரணம் என்று கொள்ள இயலாது. ஆயினும் மூலநிரல் மறுக்கப்படுவதன் விளைவை உணர்த்திய நிகழ்வாக ஸ்டால்மன் இதனைத் தம் உரைகளில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இணைப்பும் வரிசையும்

லினக்ஸ் 1991இல் தோன்றியபோது தனக்கென ஓர் அச்சு அமைப்பை உருவாக்கிக்கொள்ளவில்லை. பெர்க்லி யூனிக்ஸின் எல்பிடி என்னும் பின்னணி நிரலையே தொடக்ககால வழங்கல்கள் ஏற்றன. பயனர் அனுப்பும் ஆவணம் வட்டில் ஒரு வரிசையில் சேரும். பின்னணி நிரல் அவற்றை ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்பும். அச்சுப்பொறிகளின் விவரங்கள் 'பிரிண்ட்கேப்' என்னும் உரைக்கோப்பில் எழுதப்பட்டன.

இவ்வமைப்பில் காரணம் அறியும் வழி மிகக் குறுகியது. இணைநிலைத் துறைவழி இணைந்த அச்சுப்பொறி சில மின்கம்பிகளின் வாயிலாகவே தன் நிலையை உணர்த்தியது. தாள் இல்லை, இணைப்பில் இல்லை என்பவற்றை அவற்றால் சொல்ல முடிந்தது. இவ்விரண்டும் அல்லாத பிழைக் குறிப்பு வந்தால், அச்சுப்பொறி தீப்பற்றியதாக லினக்ஸ் கெர்னல் செய்தி வெளியிட்டது. நகைச்சுவையாக நினைவுகூரப்படும் இச்செய்தி உண்மையில் அறியாமையின் பதிவு. பிழை உண்டு என்பது தெரிந்தது, யாது என்பது தெரியவில்லை. பிணையத்திலும் இதே நிலை நிலவியது. 1990 ஆகஸ்டில் ஆர்எப்சி 1179 ஆக ஆவணப்படுத்தப்பட்ட எல்பிடி நெறிமுறை, வரிசையின் நிலையை மனிதர் படிப்பதற்கான வெறும் உரையாகவே திருப்பியனுப்பியது.

மொழியறியாமை என்னும் தடை

அடுத்த தடை அச்சுப்பொறியின் மொழி பற்றியது. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்டு யூனிக்ஸ் உலகின் பொது மொழியாயிற்று. அம்மொழி அறிந்த அச்சுப்பொறிகள் விலை மிக்கவை. 1988இல் வெளிவந்த கோஸ்ட்ஸ்கிரிப்டு, போஸ்ட்ஸ்கிரிப்டைக் கணினியிலேயே புள்ளிப்படமாக மாற்றி, மலிவான அச்சுப்பொறிகளையும் பயன்படச் செய்தது.

ஆயினும் 1990களில், விண்டோஸ் கணினியின் இயக்கியையே முழுதும் சார்ந்த அச்சுப்பொறிகள் பரவின. அவற்றின் மொழியைத் தயாரிப்பாளர் பலர் வெளியிடவில்லை. கம்பி சரியாக இருந்தது, வரிசை நகர்ந்தது, தாள் மட்டும் வெளிவரவில்லை. தன்னார்வலர் தொகுத்த லினக்ஸ் அச்சுப்பொறித் தரவுத்தளம், இயங்கவே இயலாதவற்றைக் 'காகிதப் பாரம்' என்று வகைப்படுத்தியது. மூலநிரல் திறந்திருந்தும் எதிர்முனையின் மொழி மூடியிருந்தால் பயனில்லை என்பதை அவ்வகைப்பாடு காட்டுகிறது.

கப்ஸும் புதிய சொல்லாடலும்

மைக்கேல் ஸ்வீட் 1997இல் உருவாக்கத் தொடங்கிய கப்ஸ், எல்பிடிக்கு மாற்றாக இணைய அச்சு நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டது. 1999இல் வெளிவந்த அந்நெறிமுறையின் சிறப்பு, அச்சுப்பொறியின் நிலையையும் அதன் காரணத்தையும் வரையறுத்த சொற்களால் கூறுவது. தாள் சிக்கியது, தாள் தீர்ந்தது, மூடி திறந்துள்ளது என்பனவற்றைக் கணினியே புரிந்துகொள்ள முடிந்தது. 1980இல் மறுக்கப்பட்ட அச்செய்தி இங்கே ஒரு பொதுத் தரத்தின் பகுதியாகிறது.

எனினும் கப்ஸ் தனக்கே உரிய மௌனத்தையும் கொணர்ந்தது. ஒரு பணி தோல்வியுற்றால் வரிசையையே நிறுத்திவைப்பது அதன் இயல்பான கொள்கை. கம்பியைச் சரிசெய்த பின்னரும் வரிசை தானே இயங்காது. புதிய ஆவணங்கள் எவ்வித மறுப்புமின்றி ஏற்கப்பட்டுத் தேங்கும். பழுது நீங்கிய பின்னரும் பழுதின் நினைவு அமைப்பில் எஞ்சுகிறது. நிர்வாகி வரிசையை மீண்டும் இயக்கினாலன்றி அச்சு வாராது. பிழைப் பதிவேடு காரணத்தைக் கூறும். ஆனால் விரிவான பதிவைக் கோரினால்தான் வடிகட்டிகளின் செயல் முழுமையாகத் தெரியும்.

உரிமை மாற்றமும் பிணையக் கண்டறிதலும்

ஆப்பிள் நிறுவனம் 2002இல் தன் இயங்குதளத்தில் கப்ஸை ஏற்று, 2007இல் அதன் மூலநிரல் உரிமையை வாங்கியது. 2012இல் வெளிவந்த 1.6ஆம் பதிப்பு, ஆப்பிளுக்குத் தேவைப்படாத வடிகட்டிகளையும் பழைய உலாவு முறையையும் கைவிட்டது. அவ்வடிகட்டிகளை ஓப்பன்பிரிண்டிங் குழு தனித் தொகுப்பாகப் பேணியது. பிணைய அச்சுப்பொறிகளைக் கண்டறிய 'கப்ஸ்-பிரவுஸ்டு' என்னும் நிரலும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. 2024 செப்டம்பரில் அந்நிரலில் கடுமையான பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டு, அதனை நிறுத்திவைக்க அறிவுறுத்தப்பட்டது. அதனை நிறுத்திய கணினிகளில், அது தானாக அமைத்துத் தந்த வரிசைகளும் பராமரிப்பின்றிப் போயின. ஆகவே அச்சுப்பொறி காணாமற்போவதற்குப் பழுது மட்டுமன்றிப் பாதுகாப்பு நடவடிக்கையும் காரணமாகலாம்.

முடிவுரை

இன்றைய பிழையாய்வு, கருவி கணினிக்குத் தெரிகிறதா, வரிசை நின்றுள்ளதா, வடிகட்டி பொருந்துகிறதா, பிணையத்தில் கண்டறியப்படுகிறதா என்னும் வினாக்களால் ஆனது. இவை முறையே இணைநிலைத் துறை, எல்பிடி மரபு, போஸ்ட்ஸ்கிரிப்டு, 2012ஆம் ஆண்டுப் பிரிவு ஆகியவற்றின் எச்சங்கள். 2013இல் வரையறுக்கப்பட்ட 'ஐபிபி எவ்ரிவேர்' போன்ற இயக்கியற்ற முறைகள் இவ்வடுக்குகளைக் குறைக்கின்றன. அதேவேளை ஆவணத்தை விளக்கும் பணியை அச்சுப்பொறிக்குள் அமைந்த, பயனர் படிக்கவியலாத மென்பொருளுக்கு மாற்றுகின்றன. அச்சிடுவது எளிதாகிறது, அச்சிடாதபோது காரணம் தேடும் எல்லை அந்த மென்பொருளின் வாயிலில் முடிகிறது. கணினியில் இயங்கும் நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது என்பதே 1990கள் உணர்த்திய பாடம். இயக்கியற்ற அச்சிடலையும் அந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும்.