தபாலில் வந்த வியாபாரம்

எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கிய கதை பலருக்கும் தெரியும். அவர் எழுத்தாளராக அங்கே போகவில்லை, விளம்பரம் கொடுப்பவராகப் போனார் என்பதைத்தான் நாம் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். 1920களில் சென்னையில் விளம்பர ஏஜென்ஸியும் தபால் வழி வியாபாரமும் நடத்திவந்த இளைஞர் அவர். பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய விகடனுக்கு விளம்பரம் தந்துகொண்டிருந்தார். பத்திரிகை தடுமாறியபோது, 1928இல் 200 ரூபாய்க்கு அதையே வாங்கிவிட்டார். தலைப்பில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று வேடிக்கையாகக் கணக்குச் சொல்வார்கள்.

சரக்கு விற்கிற ஆளுக்குப் பத்திரிகை எதற்கு? மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சில சின்னக் கடைகளுக்கு மாதாமாதம் மின்மடல் எழுதித் தருகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

விடைக்குத் தபாலாபீஸிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் வி.பி.பி. 1877இல் வந்தது. காலணா கார்டு 1879இல், மணியார்டர் 1880இல். நான்கே ஆண்டுகளில் கடைக்கு வராமலே வாங்கவும், கடையே இல்லாமல் விற்கவும் வழி பிறந்துவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் கடிகாரம், லேகியம், ஜோசியப் புத்தகம் என்று தபாலில் வரவழைக்கும் சாமான்களின் விளம்பரம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

வி.பி.பி.யில் ஒரு விசேஷம் உண்டு. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். உள்ளே இருப்பது நல்ல சரக்கா, ஏமாற்றா என்று தெரியாமலே ஒருவர் காசை எண்ணிக் கொடுக்கிறார் என்றால், அவர் நம்பியது அந்த விளம்பரத்தின் நாலு வரியை மட்டும்தான். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை கார்டு போடமாட்டார். ஆகவே இந்தத் தொழிலில் உண்மையான முதலீடு சரக்கு அல்ல. திரும்பவும் கார்டு போடுகிறவர்களின் விலாசங்கள்தாம்.

விலைப்பட்டியல் வீட்டுக்கு வந்தால் ஒரு தரம் பார்ப்பார்கள், பிறகு அது மளிகைப் பொட்டலம் கட்டப் போய்விடும். பத்திரிகை அப்படி இல்லை. அடுத்த வீட்டுக்குப் போகும், திரும்பி வரும், தொடர்கதை மட்டும் கிழித்து பைண்டு செய்யப்படும். கல்கி விகடனில் சேர்ந்த பிறகு நடந்ததெல்லாம் தமிழ் இலக்கிய வரலாறு. ஆனால் அதற்குள் ஒரு வியாபார வரலாறும் இருக்கிறது. பழைய பைண்டு வால்யூம்களில் கதையின் பின்பக்கத்தில் விளம்பரங்களும் ஒட்டிக்கொண்டே பிழைத்திருக்கின்றன. அவற்றை யாரும் பாதுகாக்க நினைக்கவில்லை. கதையைப் பாதுகாத்தார்கள், அது விளம்பரத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது.

இதே உறவை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியவர் மயிலாப்பூர்க்காரர்களுக்கு வெறும் பூங்காவின் பெயராகிவிட்ட நாகேஸ்வர ராவ். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். தைலத்தில் வந்த பணத்தில் 1908இல் அங்கேயே ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு வார இதழ். 1914இல் சென்னையில் அது நாளிதழானது. மருந்துத் தொழிலும் சென்னைக்கு வந்தது. லஸ் சர்ச் ரோடு பக்கம் போனாலே அமிர்தாஞ்சன் வாசனை வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தைலம் பத்திரிகையைத் தாங்கியது, பத்திரிகை தேசிய இயக்கத்தைத் தாங்கியது. 1937 நவம்பரில் ராயலசீமா, கடற்கரை ஆந்திரத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது மயிலாப்பூரில் இருந்த அவருடைய ஸ்ரீபாக் இல்லத்தில்தான். தலைவலிக்கு மருந்து வாங்கியவர் கொடுத்த அணாக்கள் போய்ச் சேர்ந்த தூரம் அது.

மின்னஞ்சல் வந்தபோது இந்தப் பாடம் எதுவும் கூட வரவில்லை. 1978 மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் கேரி துர்க், அர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்குத் தங்கள் கம்ப்யூட்டர் பற்றி ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேட்காதவர்களுக்கு மொத்தமாகப் போன முதல் வியாபார மின்னஞ்சல் என்று அதைச் சொல்கிறார்கள். விற்பனையும் நடந்தது, கண்டனமும் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இங்கே பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, அந்த 400 பேரில் நாமும் சேர்ந்துகொண்டோம்.

ஆனால் அதே காலத்தில் மயிலாப்பூரில் வேறொன்றும் நடந்தது. 1994இல் வின்சென்ட் டி'சூசா மயிலாப்பூர் டைம்ஸ் என்ற இலவச வார இதழைத் தொடங்கினார். ஆங்கிலத்தில், இந்த வட்டாரத்துக்கு மட்டும். டியூஷன் டீச்சரும் கேட்டரிங் மாமியும் விளம்பரம் கொடுக்க முடிந்த பத்திரிகை அது. பெரிய நாளிதழில் அவர்களுக்கு இடமும் கட்டுப்படியாகாது, மதுரையில் இருப்பவர் படித்தும் பிரயோஜனமில்லை. உடைந்த நடைபாதை, தெப்பக்குளத்துத் தண்ணீர், கோயில் உற்சவம் என்று தன் தெருச் செய்திக்காக எடுத்தவர், பக்கத்துத் தெரு தையல்காரரையும் கண்டுகொண்டார். ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு அது இணையத்தில் தொடர்கிறது.

நான் எழுதித் தரும் கடைகளில் ஒன்று பொடி, வத்தல், ஊறுகாய் விற்பது. பங்குனியில் மாவடு வந்த சமயம், வீட்டில் மாவடு போடும் முறையையே மடலாக எழுதினேன். காம்போடு பார்த்து வாங்குவது, விளக்கெண்ணெய் தடவுவது, கல்லுப்பு போட்டு தினமும் குலுக்குவது, கடுகும் மிளகாயும் பிறகு சேர்ப்பது எல்லாம். உரிமையாளர் படித்துவிட்டு, "எப்படிப் போடறதுன்னு நாமளே சொல்லிக் கொடுத்துட்டா அப்பறம் யாரு சார் நம்மகிட்ட வாங்குவா? ஆஃபரை மேல போடுங்க, போதும்" என்றார்.

"மாவடு போடத் தெரிஞ்சவங்க எப்படியும் போட்டுக்குவாங்க சார். மத்தவங்க நாலாவது வரியிலயே உங்க கடைக்கு வந்துடுவாங்க" என்றேன்.

மடல் அப்படியே போனது. ஆஃபர் மடல்களுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. இதற்கு வந்தன. ஒரு அம்மா, தங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் கிடையாது, நல்லெண்ணெய்தான் என்று சண்டைக்கே வந்துவிட்டார். அதை உரிமையாளரிடம் படித்துக் காட்டினேன். "யாரு சார் இந்த அம்மா? அடுத்த தடவை அவங்க முறையையும் போடுங்க" என்றார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்டியாக வேண்டும். அந்தச் செலவே, அனுப்புகிறவரை ஒரு நிமிஷம் யோசிக்கவைத்தது. இன்று ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் பத்து பேருக்கு அனுப்பினாலும் கடைக்குக் கிட்டத்தட்ட ஒரே செலவு. ஆனால் செலவு இல்லாமல் போய்விடவில்லை, கைமாறியிருக்கிறது. இப்போது ஸ்டாம்ப் ஒட்டுகிறவர் வாசகர். அவருடைய இரண்டு நிமிஷம்தான் அது. வி.பி.பி. பார்சலைப் போலவே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அவரும் கொடுக்கிறார். பிரித்துப் பார்க்கும்போது, எதுவும் வாங்காவிட்டாலும் எடுத்துவைத்துக்கொள்ள ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும். விளம்பரம் விற்றுக்கொண்டிருந்த வாசன், 1928இல் 200 ரூபாய் கொடுத்து வாங்கியது அந்த ஒன்றைத்தான்.