ஆம்பூர் பக்கம் வந்தால் ருசிக்க வேண்டிய காரசார உணவுகள்: மிளகாய்த்தூளே போடாத பிரியாணி

சென்னை-பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் வேலூரில் இருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ஆம்பூர். தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகளுக்கு பெயர் போன இந்த ஊர் 2019-ம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. ஆனால் வெளியூர்க்காரர்களிடம் ஆம்பூர் என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பிரியாணிதான்.

மிளகாய் விழுது ரகசியம்

ஆற்காடு நவாபு காலத்து சமையலில் இருந்து வந்தது ஆம்பூர் பிரியாணி என்பார்கள். ஸ்டார் பிரியாணி குடும்பத்தினர் 1890-ம் ஆண்டு முதல் இந்த தொழிலில் இருப்பதாக கூறி வருகிறார்கள்.

இதற்கு பாசுமதி அரிசி கிடையாது. சீரக சம்பாதான். மிளகாய்த்தூளும் போடுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊற வைத்து, மைய அரைத்த விழுதுதான் காரம், நிறம் இரண்டையும் தருகிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் அளவோடுதான். தயிர், தக்காளி, புதினா, மல்லியோடு கறி வெந்ததும், தனியாக முக்கால் பதம் வேக வைத்து வடித்த அரிசியை கொட்டி கிளறுவார்கள். தேக்சாவை மூடி, மூடி மேல் விறகு தணலை போட்டு தம் கட்டுவார்கள். அரிசி எத்தனை கிலோவோ கறியும் அத்தனை கிலோ என்பது பழைய கணக்கு.

தொட்டுக்க கத்திரிக்காய்

பிரியாணிக்கு ஜோடி புளிப்பும் காரமுமான எண்ணெய் கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கும் இந்த பகுதி பெயர் பெற்றதுதான். அணைக்கட்டு அருகே இலவம்பாடி பகுதியில் விளையும் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாண வீட்டு பிரியாணி என்றால் பருப்பும் எலும்பும் சேர்த்த புளிப்பான தால்சாவும் இலைக்கு வரும்.

காரம் சுர்ருன்னு ஏறினால் உடனே தண்ணீரை குடிக்காதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. வெங்காய தயிர் பச்சடி ரெண்டு வாய் சாப்பிட்டால் எரிச்சல் அடங்கும்.

பீப் பிரியாணியும் சர்ச்சையும்

மட்டன் விற்கிற விலையில் தினக்கூலிக்கு போகிறவர்களால் அதை அடிக்கடி வாங்க முடியாது. அவர்களில் பலருக்கு கறி சாப்பாடு என்றால் பீப் பிரியாணியும் பீப் வறுவலும்தான். இதன் மசாலாவும், பக்குவமும் மட்டன் பிரியாணி போலவேதான்.

2022-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி முதல் 3 நாட்கள் ஆம்பூரில் பிரியாணி திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அதில் பீப் பிரியாணிக்கு இடம் இல்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. திருவிழா நடக்கும் இடம் அருகிலேயே இலவசமாக பீப் பிரியாணி கொடுப்போம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மழை எச்சரிக்கையை காரணம் காட்டி விழா தள்ளி வைக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர்-பழங்குடியினர் ஆணையம் கலெக்டருக்கு நோட்டீசு அனுப்பியது. ஊர் சோறு என்றால் அதில் யார் யார் சாப்பாடு சேரும் என்ற கேள்வியை அந்த சம்பவம் எழுப்பியது.

வாணியம்பாடி, ஆற்காடு

ஆம்பூரை தாண்டினால் வாணியம்பாடி. அங்கும் பிரியாணிக்கு தனி ரசிகர்கள் உண்டு. எது ஒசத்தி என்று இரண்டு ஊர்க்காரர்களிடமும் கேட்டால் பேச்சு லேசில் முடியாது. சென்னைக்கு திரும்புகிறவர்கள் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கலாம். உள்ளே முந்திரி, திராட்சை வைத்து, பொரித்து, பாகில் ஊறிய இனிப்பு. காரம் தின்ற நாக்குக்கு இதமாக இருக்கும்.

நெடுஞ்சாலை நெடுக 'ஆம்பூர் பிரியாணி' போர்டுதான். போர்டை மட்டும் நம்பாமல் ஊருக்குள் போய், மதியம் தம் உடைக்கிற நேரத்தில் சாப்பிட்டு பாருங்கள். அரிசி உடையாமல், விரலில் எண்ணெய் வழியாமல் இருந்தால் அதுதான் அசல்.