நிலத்தடியில் இருப்பது வேறு, கையில் வருவது வேறு



பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறைக்கு முக்கால் நூற்றாண்டு வயதாகிறது. 1947இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஹியூகோட்டன் வயலில் ஒரு கிணற்றுக்குள் கெட்டியாக்கிய பெற்றோலை அதிக அழுத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். வாயு வரவு பெரிதாகக் கூடவில்லை. ஆனாலும் 1949 மார்ச்சில் ஹாலிபர்ட்டன் கம்பனி ஒக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் இதைத் தொழிலாகவே தொடங்கியது. பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க மணலும் சேர்த்து அனுப்பப்பட்டது.

அப்போதிருந்தே ஒரு கேள்வி உண்டு: பிளந்த கிணறு மொத்தமாக எவ்வளவு தரும்?

ஆர்ப்ஸ் என்ற பொறியியலாளர் 1945இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார். மாதா மாதம் வரும் அளவைக் குறித்து, அது குறையும் வேகத்தைப் பார்த்து, அந்தக் கோட்டை எதிர்காலத்துக்கு நீட்ட வேண்டும். சாதாரணக் கிணறுகளுக்கு இது நன்றாகவே பொருந்தியது.

இறுக்கமான ஷேல் பாறையில்தான் சிக்கல். பிளவுக்குப் பக்கத்தில் உள்ளது முதலில் பாய்ந்து வரும். உள்ளே தூரத்தில் உள்ளது ஊர்ந்துதான் வர வேண்டும். அதனால் முதல் வருடத்திலேயே வரவு பாதிக்கு மேல் விழுந்துவிடும். பிறகு பல வருடம் சொட்டுச் சொட்டாக வரும். தேங்காயின் முதற்பாலைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பிழிவிலும் அதே பால்தான் வரும் என்று சட்டியை அடுப்பில் வைக்க முடியுமா? முதல் சில மாதக் கணக்கை நீட்டியவர்கள் செய்தது அதுதான்.

ஒரு கிணற்றுக் கணக்கு பிழைத்தால் ஒரு கம்பனிக்கு நட்டம். ஒரு மாநிலத்தின் கணக்கே பிழைத்தால்?

கலிபோர்னியாவின் மொன்டரே ஷேல் பாறையிலிருந்து சுமார் 1370 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் 2013 அறிக்கை, 28 இலட்சம் வேலைகள் வரை உருவாகலாம் என்றது. ஆனால் அந்தப் பாறை மடிந்தும் நொறுங்கியும் கிடந்தது. மற்ற மாநிலங்களில் கைகொடுத்த முறை அங்கே எடுபடவில்லை. 2014 மே மாதம் அதே நிறுவனம் மதிப்பீட்டை 60 கோடியாகக் குறைத்தது. 96 சதவீதம் போய்விட்டது! நிலத்தடி எண்ணெய் எங்கும் போகவில்லை. மாறியது கணக்கு மட்டுமே.

நமது மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறு வகைப் பாறை, கடலடிக் கிணறு. ஆனால் 'கடனெல்லாம் தீரும்' என்ற பதிவு நம் கைக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அதேதான். இது இருக்கும் அளவா, எடுக்கக்கூடிய அளவா? எத்தனை கிணறு தோண்டிப் பார்த்த கணக்கு? எத்தனை வருடம் பார்த்த கணக்கு?

கேட்டுவிட்டுப் பகிர்வோம்.