அதிரீனற் சுரப்பி எழுப்பிய இரு வினாக்கள்

சிறுநீரகங்களின் மேல் அமைந்த சிறு சுரப்பிகள் இரண்டினை இத்தாலிய உடலமைப்பியலறிஞர் யூஸ்ரேக்கியசு 16ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருந்தார். ஆயினும், அவற்றின் தொழில் யாதென்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் புலப்படவில்லை. 1855இல் இலண்டன் மருத்துவர் தோமசு அடிசன், தீராச் சோர்வும் தோற் கருமையும் கொண்டு இறந்த நோயாளரிடம் இச்சுரப்பிகள் சிதைந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் பிரௌன் செக்காட், இவற்றை அகற்றிய விலங்குகள் விரைவில் இறத்தலைக் கண்டார். உயிர் நிலைபெறுதற்கு இவை இன்றியமையாதன என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதன்பின் ஆய்வாளரை ஈர்த்த முதல் வினா, இச்சுரப்பி ஆக்குவது யாது என்பதாகும். இதன் சாறு குருதியமுக்கத்தை உயர்த்துமென 1894இல் ஒலிவரும் ஷேபரும் காட்டினர். மையவிழையம் சுரக்கும் அப்பொருளைத் தூய பளிங்காகப் பிரித்த யப்பானிய இரசாயனவியலாளர் தக்கமீனே, 1901இல் அதனை அதிரினலின் என அறிவித்தார். மேற்பட்டையோ கொலஸ்திரோலிலிருந்து கோட்டிசோல் முதலிய ஓமோன்களை ஆக்குகின்றது. அவ்வகைப் பொருள்களைக் கெண்டலும் றைக்ஸ்ரைனும் 1930களிற் பிரித்தெடுத்தனர். 1948இல் ஹென்ச் என்பார் மூட்டுவாத நோயாளிக்குக் கோட்டிசோனை வழங்கி வியத்தகு பயன் கண்டார். மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர்.

சுரந்த ஓமோன் எவ்வாறு நீங்குகின்றது என்பது இரண்டாம் வினா. அதிரினலினை மாற்றியமைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதியமொன்றினை அமெரிக்கரான அக்செல்றொட் 1957இற் கண்டறிந்தார். குருதியிலுள்ள அதிரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைகின்றது. கோட்டிசோல் பாதியாவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். ஈரல் அதனை நீரிற் கரையும் பொருளாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது.

ஆக்கமும் நீக்கமும் சமநிலையில் நிற்றற்குக் கபச்சுரப்பியின் கட்டுப்பாடு வேண்டும். குருதியிற் கோட்டிசோல் மிகுந்தால் கபச்சுரப்பியின் தூண்டல் குறையும். குறைந்தால் தூண்டல் மிகும். நெடுநாள் கோட்டிசோன் உட்கொள்வோரிடம் இத்தூண்டல் அடங்கிவிட, மேற்பட்டையும் சுருங்குகின்றது. இந்நிலையில் மருந்தினைத் திடீரென நிறுத்தின், எஞ்சிய ஓமோனை உடல் விரைவில் நீக்கிவிடும். புதிதாய் ஆக்குதற்கோ சுரப்பி ஆயத்தமாயிராது. கோட்டிசோன் நிறுத்தப்பட்டபின் சத்திரசிகிச்சைக்குட்பட்ட ஒருவர் சில மணித்தியாலங்களில் இறந்தமையை 1952ஆம் ஆண்டு மருத்துவ அறிக்கையொன்று பதிவு செய்தது. நெடுநாள் வழங்கிய இம்மருந்தினைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும் என்னும் நெறி இத்தகைய இழப்புகளாலேயே வலுப்பெற்றது. ஓமோனை ஆக்கிக் கொடுக்கக் கற்ற மருத்துவம், உடல் அதனை நீக்கும் முறையையும் கற்றபோதே அப்பேற்றினைப் பாதுகாப்பாகக் கையாளும் தகுதியை அடைந்தது எனலாம்.