தொழிற்கல்வி யாருக்கு?



படித்து முடித்த இளைஞனுக்குப் பிழைக்க வழி காட்டாத படிப்பால் பயன் என்ன என்னும் கேள்வி நம் நாட்டில் புதிதன்று. கல்விக் குழுக்கள் பல இதற்கு விடை கூறியுள்ளன. அவ்விடைகள் ஏன் நிலைபெறவில்லை என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

1882-இல் அமைந்த ஹண்டர் குழு, உயர்நிலைப் பள்ளிகளில் இரு பிரிவுகள் வேண்டும் என்றது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு உரியது. மற்றொன்று வாணிகம் முதலிய துறைகளுக்கு ஆயத்தம் செய்வது. பெற்றோர் முதற் பிரிவையே நாடினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சர்க்கார் உத்தியோகத்துக்கும் கல்லூரிக்கும் வழி அங்கேதான் இருந்தது. மறுபுறம் வழியில்லாத சந்துக்குள் பிள்ளையை அனுப்ப எவர் துணிவர்?

1937-இல் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டினார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏழாண்டுப் பாடத்திட்டம் வகுத்தது. இத்திட்டத்தின் உட்பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 20-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடையாகும். நூற்கும் சிறுவன், தன் நூலின் நம்பரைக் காணும்போதே நீட்டலளவை, நிறுத்தலளவை, வகுத்தல் ஆகியவற்றைக் கற்றுவிடுகிறான். இங்கே தொழில் அறிவுக்கு வாயிலாயிற்று. ஆயினும் பழைய வகைப் பள்ளிகள் பக்கத்திலேயே நடந்துவந்தன. வசதி படைத்தோர் தம் மக்களை அங்கேயே அனுப்பினர். இராட்டை நமக்கு, இங்கிலீஷ் அவர்களுக்கு என்று ஏழைப் பெற்றோர் எண்ணியது இயல்பே.

1953-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் இந்த ஐயத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மாணவர் இரு பிரிவாக வந்தால், இருக்கும் கட்டிடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் மேலும் பல குழந்தைகள் படிக்கலாம் என்பது கணக்கு. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். தொழிலைச் சாதியோடு பிணைத்திருக்கும் நாட்டில் இதன் பொருள் யாவர்க்கும் விளங்கிற்று. நகரப் பள்ளிகளுக்கு இத்திட்டம் இல்லை என்பதும் விளங்கிற்று. குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு, செயல் அனுபவம் எல்லா மாணவர்க்கும் உரியதென்று கூறியது. அது சரியான சொல். ஆனால் நடைமுறை வேறாயிற்று. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்பிரிவும் வந்தது. நான் பணியாற்றிய பள்ளிகளில் மதிப்பெண் குறைந்தவர்களே அதில் சேர்ந்தனர். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அவர்களுள் மிகுதி. கைத்திறன் மிக்க மாணவன்கூடத் தான் ஒதுக்கப்பட்டதாகவே கருதினான். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரிகளில் இப்பிரிவினருக்குச் சிறு பங்கு இடம் கிடைத்தது. அந்த வழியில் முன்னேறியவர் உண்டு.

2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதலே தொழில் அறிமுகம் வேண்டும் என்றபோது, தமிழ்நாட்டில் பலர் 1953-ஐ நினைவுகூர்ந்தனர். அந்த ஐயம் காரணமின்றி எழுந்ததன்று.

ஆகவே எத்திட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கலெக்டரின் மகனும் கூலியாளின் மகளும் ஒரே பட்டறையில் நிற்பார்களா? தொழில் பயின்றவனுக்குக் கல்லூரி வாயில் திறந்திருக்குமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால், உளியும் திருப்புளியும் பள்ளிக்குள் வரட்டும். பெற்றோரே முன்னின்று வரவேற்பர். விடை கிடைக்காதவரை அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு.